வராத ராஜாவுக்கு விழுந்த பிரம்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1595 செப்டம்பர் 17. ரோம் நகரம். புனித பேதுரு ஆலயத்தின் முகப்பு மண்டபம். சிம்மாசனத்துல போப் எட்டாம் கிளெமென்ட் உட்கார்ந்திருக்கார், சுத்தி கர்தினால்கள். அவர் காலடியில ரெண்டு பிரெஞ்சுக்காரங்க மண்டி போட்டிருக்காங்க. ஒருத்தர் பேர் ஜாக் து பெரோன். இன்னொருத்தர் அர்னோ தோசா. (ஆமா, கிட்டத்தட்ட நம்ம தோசை மாதிரியேதான் உச்சரிப்பு. சிரிச்சிட்டு வாங்க, காத்திருக்கேன்.) பாடகர் குழு சங்கீதம் 51-ஐப் பாடுது. தாவீது ராஜா தன் பாவத்துக்காக மன்னிப்பு கேட்கிற சங்கீதம் அது. பாட்டு போகப் போக, போப் கையில இருக்கிற கோலால இந்த ரெண்டு பேர் தோள்லயும் லேசா தட்டிக்கிட்டே இருக்கார்.

இவங்க ரெண்டு பேரும் எந்தத் தப்பும் பண்ணல. தண்டனை பிரான்ஸ் ராஜா நான்காம் ஹென்றிக்கு. அவர் அங்க இல்ல. பிரான்ஸ்ல, ஸ்பெயினோட நடக்கிற போர்ல மும்முரமா இருக்கார். அவருக்குப் பதிலா மண்டி போட, அவருக்குப் பதிலா அடி வாங்க வந்த பிரதிநிதிகள்தான் இவங்க.

இதுல விசித்திரம் என்னன்னா, அந்தத் தேதியில ஹென்றி ஏற்கெனவே ஜெயிச்சிட்டார். கிரீடம் சூட்டி ஒன்றரை வருஷம் ஆச்சு. பாரிஸ் அவர் கையில. புராட்டஸ்டன்ட் மதத்தை விட்டுட்டுக் கத்தோலிக்கரா மாறி ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. அப்புறம் எதுக்கு இந்த மன்னிப்பு? அதைக் கொடுக்க போப்புக்கு ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? இந்த ரெண்டு கேள்விதான் இன்னைக்கு எபிசோடு.

இந்தக் கதை எனக்குப் பிடிச்சதுக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. என்னோட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல என் பேருக்கு முன்னாடி ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா. நம்மள்ல பாதிப் பேருக்கு இந்தப் பஞ்சாயத்து இருக்கும். நான் ஒரு இடத்துல போய் 'ரெண்டும் ஒரே ஆள்தான்'னு எழுதி, கையெழுத்து, சீல் எல்லாம் வாங்கிட்டு இன்னொரு ஆஃபீஸுக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் அதைப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, விஷயம் சரிதான். ஆனா இதைச் சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இல்ல." நான் யாருங்கறதுல அவருக்குச் சந்தேகமே இல்ல. அதை யார் சொல்லணுங்கறதுலதான் பிரச்சனை. ஹென்றியோட நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். என்ன ஒண்ணு, அவர் கேஸ்ல ஒரு நாடே பத்து வருஷம் ரத்தம் சிந்துச்சு.

பத்துத் தலைமுறை தள்ளி ஒரு வாரிசு

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். பிரான்ஸ்ல 1562-லிருந்தே கத்தோலிக்கர்களுக்கும், ஹ்யூகெனாட்னு அழைக்கப்பட்ட புராட்டஸ்டன்ட்களுக்கும் விட்டு விட்டு உள்நாட்டுப் போர். அப்போ ஆண்டது வலுவா வம்சம். அதோட கடைசி ராஜா மூன்றாம் ஹென்றிக்குக் குழந்தை இல்ல. அவருக்கு அடுத்து வர வேண்டிய தம்பி 1584 ஜூன்ல இறந்துடறார்.

சரி, அடுத்து யார்? பிரான்ஸ்ல சாலிக் சட்டம்னு ஒரு மரபு. பெண்களுக்குக் கிரீடம் கிடையாது, பெண் வழியா வர்றவங்களுக்கும் கிடையாது. ஆண் வழியை மட்டும் பிடிச்சுக்கிட்டு மேல போகணும். அப்படிப் போனா, 1270-ல இறந்த ஒன்பதாம் லூயி ராஜா வரைக்கும் போய், அவரோட கடைசி மகன் வழியாக் கீழே இறங்கி, பத்தாவது தலைமுறையில ஒரு ஆள் நிக்கிறார். நவார்ங்கற சின்ன நாட்டோட ராஜா ஹென்றி. பூர்பொன் குடும்பம். ஹ்யூகெனாட்களோட தலைவரும் அவரே.

கத்தோலிக்க நாட்டுக்குப் புராட்டஸ்டன்ட் வாரிசு. இதுவே பெரிய சிக்கல். ஆனா ரோம் பார்வையில இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்தது. 1572 ஆகஸ்ட்ல ஹென்றிக்குப் பாரிஸ்ல கல்யாணம், ராஜாவோட தங்கச்சி மார்கரீத்தோட. கல்யாணத்துக்கு வந்திருந்த ஹ்யூகெனாட் தலைவர்களைச் சில நாட்கள்லயே கொன்னாங்க. அது நகரம் முழுக்கப் படுகொலையா மாறுச்சு. புனித பர்த்தலோமேயு நாள் படுகொலைன்னு படிச்சிருப்பீங்க. மாப்பிள்ளை உயிர் தப்பினார், ஆனா கட்டாயத்துல கத்தோலிக்கரா மாற வேண்டியிருந்தது. 1576-ல அரண்மனையிலிருந்து தப்பிச்சு ஓடினதும், மறுபடியும் புராட்டஸ்டன்ட்.

கட்டாயப்படுத்தினதுதானே, அது எப்படிக் கணக்குல வரும்னு நமக்குத் தோணும். ரோம் அப்படிப் பார்க்கல. வெளியில இருக்கிற ஆள் வேற, ஒரு தடவை உள்ள வந்துட்டுத் திரும்பிப் போன ஆள் வேற. திரும்பிப் போனவனோட வாக்கை நம்பக்கூடாதுங்கறது திருச்சபைச் சட்டத்தோட போக்கு. நாளைக்கு ஹென்றி மறுபடி "மனம் மாறிட்டேன்"னு சொன்னா, அதை ஏத்துக்கிற அதிகாரம் போப்புக்கு மட்டும்தான்னு ரோம் சொல்லும். இந்த ஒரு புள்ளியை மனசுல வச்சுக்கங்க. கதை முழுக்க இதைச் சுத்தித்தான் போகும்.

சுவர்ல ஒட்டின பதில்

பிரான்ஸ்ல தீவிர கத்தோலிக்கர்கள் 'லீக்'னு ஒரு கூட்டணி வச்சிருந்தாங்க. தலைமை கீஸ் குடும்பம். பணம் கொடுத்தவர் ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப். ஹென்றிக்குப் பதிலா அவரோட சித்தப்பா முறை ஆளான வயசான கர்தினால் ஒருத்தரை ராஜாவாக்கணும்னு இவங்க திட்டம். 1585 செப்டம்பர்ல போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் ஒரு ஆணை போட்டார்: நவார் ஹென்றி சபையிலிருந்து விலக்கப்படுகிறார், பிரான்ஸ் கிரீடத்துக்கு அவருக்கு உரிமையும் கிடையாது.

முதல் பாதியை விட்டுடுங்க. ரெண்டாவது பாதியைக் கவனிங்க. ஒருத்தரைச் சபையை விட்டு நீக்கறது போப்போட வேலை. ஒரு நாட்டோட வாரிசு யார்னு சொல்றதும் போப்போட வேலையா? பிரான்ஸ்ல பக்தியான கத்தோலிக்கர்கள் பல பேருக்கே இது உறுத்துச்சு. ஹென்றி தரப்பு பதில் எழுதி, ரோம் நகரத்துச் சுவர்கள்லயே ஒட்ட வச்சுது. போப்போட வீட்டு வாசல்ல போய் போஸ்டர் ஒட்டின மாதிரி.

அடுத்த நாலு வருஷம் வேகமா ஓடுது. 1588 டிசம்பர்ல மூன்றாம் ஹென்றி ராஜா, லீக் தலைவர் கீஸ் கோமகனையும் அவரோட தம்பி கர்தினாலையும் கொன்னுடறார். 1589 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜாக் கிளெமான்ங்கற துறவி, கடிதம் கொடுக்கற சாக்குல வந்து ராஜாவைக் கத்தியால குத்தறார். மறுநாள் ராஜா சாகறார். நவார் ஹென்றி இப்போ நான்காம் ஹென்றி. சட்டப்படி ராஜா. ஆனா பாரிஸ் உட்பட நாட்டோட பெரிய நகரங்கள் பலதும் அவரை ராஜான்னு ஒத்துக்கல.

ஒரு நகரம் பட்டினி கிடந்தபோது

இந்த இடத்துல போப் சிக்ஸ்டஸ் என்ன செய்வார்? ஸ்பெயின் சொல்றதைச் செய்வார்னுதான் நினைப்போம். ஆனா அவர் தயங்கினார்.

ஏன்னு வரைபடத்தைப் பார்த்தா தெரியும். இத்தாலிக்குத் தெற்கே நேப்பிள்ஸ், சிசிலி, வடக்கே மிலான். எல்லாம் ஸ்பெயின் கையில. நடுவுல போப்போட நாடு. பிரான்ஸும் ஃபிலிப் கைக்குப் போயிட்டா, ஐரோப்பாவுல ஸ்பெயினை எதிர்த்து நிக்கிற கத்தோலிக்க சக்தியே இருக்காது. அப்புறம் போப்ங்கறவர் ஸ்பெயின் ராஜாவோட அரண்மனைப் புரோகிதர் மாதிரி ஆகிடுவார். மத விஷயத்துல ஃபிலிப் நல்ல கூட்டாளி, அரசியல்ல ரொம்பப் பெரிய கூட்டாளி. ரெண்டாவதுதான் சிக்ஸ்டஸுக்குப் பயம்.

1590 ஜனவரியில, ஹென்றியை ஆதரிக்கிற கத்தோலிக்கப் பிரபுக்கள் சார்பா லக்ஸம்பர்க் கோமகன் ரோமுக்கு வந்தார். எங்க ராஜா கத்தோலிக்கரா மாறுவார், கொஞ்சம் பொறுங்கன்னு கேட்டார். சிக்ஸ்டஸ் அவரைச் சந்திச்சார். ஸ்பெயின் தூதர் ஒலிவாரெஸ் கொதிச்சுப் போய், அந்த ஆளை ரோமை விட்டே விரட்டணும்னு சண்டை போட்டார். சிக்ஸ்டஸ் விரட்டவும் இல்ல, ஹென்றிக்கு ஆதரவா எதுவும் சொல்லவும் இல்ல. மாசங்கள் ஓடுச்சு.

அந்த மாசங்கள்ல பாரிஸ்ல என்ன நடந்ததுன்னு சொல்லணும். 1590 மார்ச்ல இவ்ரிங்கற இடத்துல லீக் படையை ஹென்றி தோற்கடிச்சார். மே மாசம் பாரிஸை முற்றுகை போட்டார். உள்ளே 2 லட்சம் பேர். சாப்பாடு வர்ற வழி எல்லாம் அடைச்சாச்சு. நகரத்துக்குள்ள போப்போட சிறப்புத் தூதர் கர்தினால் கயெத்தானி இருந்தார். நடுநிலையா இருன்னு போப் சொல்லி அனுப்பியிருந்தும், ஸ்பெயின் பக்கமே நின்னார். துறவிகளும் குருமார்களும் துப்பாக்கியோட ஊர்வலம் போனாங்க. கயெத்தானிக்கு மரியாதை செய்யச் சுட்டதுல குண்டு பாய்ஞ்சு அவரோட ஆளே ஒருத்தர் செத்துப் போனார்.

குதிரை, கழுதை, நாய், பூனை எல்லாம் தீர்ந்துச்சு. அந்தக் காலத்துல பாரிஸ்ல வாழ்ந்த பியேர் த லெத்வால் எழுதி வச்ச குறிப்புகள்ல, இடுகாட்டு எலும்பை மாவாக்கி ரொட்டி சுட்டதாக்கூட வருது. ஹென்றி ஒரு கட்டத்துல பெண்களையும் குழந்தைகளையும் ஏழைகளையும் கொஞ்சம் பேரை வெளியே போக விட்டார். இருந்தாலும் செத்தவங்க பல ஆயிரம் பேர். ஆகஸ்ட் கடைசியில ஸ்பெயினோட பார்மா கோமகன் படையோட வந்துதான் முற்றுகை உடைஞ்சுது. கிட்டத்தட்ட அதே நாட்கள்ல, ஆகஸ்ட் 27-ஆம் தேதி, ரோம்ல சிக்ஸ்டஸ் இறந்தார். கடைசி வரைக்கும் முடிவு சொல்லல.

அதுக்கப்புறம் நடந்ததை சீரியல்ல காட்டினா நம்ப மாட்டோம். அடுத்த போப் ஏழாம் உர்பன், 13 நாள்ல மரணம். அடுத்து பதினான்காம் கிரெகரி, பத்து மாசம். இவர் முழுக்க ஸ்பெயின் பக்கம். லீக்குக்குப் பணம் கொடுத்தார், தன் சகோதரர் மகன் தலைமையில படையே அனுப்பினார். அடுத்து ஒன்பதாம் இன்னசென்ட், ரெண்டு மாசம். பதினாறு மாசத்துல நாலு போப் இறந்தாங்க. ஒவ்வொரு தேர்தல்லயும், யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு ஸ்பெயின் தூதர்கள் கர்தினால்கள்கிட்ட நெருக்கடி கொடுத்தாங்க.

1592 ஜனவரி 30-ஆம் தேதி ஜெயிச்சவர் இப்போலிதோ அல்தோபிராந்தினி. எட்டாம் கிளெமென்ட். சட்டம் படிச்சவர். நிதானமானவர். இந்த மாதிரிப் பஞ்சாயத்து அவருக்குப் புதுசும் இல்ல. போலந்துல 1587-ல ஒரே சிம்மாசனத்துக்கு ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அதுல ஆஸ்திரியாவோட மாக்ஸிமிலியன் போர்ல சிறைப்பட்டுப் போனார். அப்போ போப்போட தூதராப் போய், சமாதானம் பேசி, அவரை வெளியே கொண்டு வந்தவர் இதே அல்தோபிராந்தினி. தோத்தவனுக்கும் முகம் கொடுத்தாத்தான் ஒப்பந்தம் நிக்குங்கறது அவருக்கு அனுபவத்துல தெரியும்.

செயின்ட் டெனிஸ்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை

1593 ஜனவரியில லீக் பாரிஸ்ல ஒரு சபையைக் கூட்டுச்சு. நோக்கம், கத்தோலிக்க ராஜா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கறது. அவங்க வச்சிருந்த வயசான கர்தினால் 1590-லயே சிறையில இறந்துட்டார். ஸ்பெயின் ஒரு பேர் கொண்டு வந்துச்சு: ஃபிலிப்போட மகள் இசபெல்லா. அவங்க அம்மா பிரெஞ்சு இளவரசி. அதாவது பெண், அதுவும் பெண் வழி வாரிசு, அதுக்கும் மேல ஸ்பெயின்காரங்க. லீக் ஆதரவாளர்களே நெளிஞ்சாங்க. ஜூன் 28-ஆம் தேதி, லீக் கட்டுப்பாட்டுல இருந்த பாரிஸ் உயர் நீதிமன்றமே சாலிக் சட்டத்தை மீறக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

ஹென்றி சரியான நேரம் பார்த்தார். 1593 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸுக்கு வெளியே செயின்ட் டெனிஸ் ஆலயம். பிரெஞ்சு ராஜாக்களைப் புதைக்கிற இடம். வெள்ளை உடையில வந்தார். பூர்ஜ் பேராயர் நீங்க யார்னு கேட்க, ராஜான்னு பதில் சொன்னார். என்ன வேணும்னு கேட்க, கத்தோலிக்கத் திருச்சபையில சேரணும்னார். மண்டி போட்டார், பாவமன்னிப்பு வாங்கினார், பூசை பார்த்தார். போகக்கூடாதுன்னு போப்போட தூதர் தடை போட்டும், பாரிஸ்லேர்ந்து கூட்டம் கூட்டமா ஜனங்க வந்து பார்த்தாங்க.

"பாரிஸுக்காக ஒரு பூசை பார்க்கலாம்"னு அவர் சொன்னதா ஒரு வரி ஊரெல்லாம் சுத்துது. அவர் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா ரெண்டு நாள் முன்னாடி காதலி கப்ரியேலுக்கு எழுதின கடிதத்துல, தான் போடப் போறது ஆபத்தான ஒரு குட்டிக்கரணம்ங்கற அர்த்தத்துல எழுதியிருக்கார். மனசார மாறினாரா, கணக்குப் போட்டு மாறினாரா? வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடிச்சுக்கறாங்க. ரெண்டும் கலந்திருக்கலாம்னு நான் நினைக்கிறேன். ஆயர்களோட உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம மாறின ஆள் இல்ல அவர். தேவை வராம மாறியிருக்கிற ஆளும் இல்ல.

இப்போ என் மார்க் ஷீட் கதைக்கு வாங்க. செயின்ட் டெனிஸ்ல மன்னிப்பு கொடுத்தது பிரெஞ்சு ஆயர்கள். நம்ம துறை ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, அது செல்ஃப்-சைன்டு சர்டிஃபிகேட். உள்ளூர் நெட்வொர்க்ல வேலை செய்யும். வெளியே போனா பிரவுசர் சிவப்பா எச்சரிக்கை காட்டும்.

உள்ளூர்ல நல்லாவே வேலை செஞ்சுது. நகரங்கள் ஒண்ணொண்ணா ஹென்றி பக்கம் வந்தது. லீக் பிரபுக்கள் பலரை ஹென்றி காசு கொடுத்தே வாங்கினார். அவரோட அமைச்சர் சுல்லி போட்ட கணக்குல அந்தத் தொகை 3 கோடி லிவ்ரையும் தாண்டும். 1594 பிப்ரவரி 27-ஆம் தேதி ஷார்த்ர நகரத்துல முடிசூட்டு விழா. வழக்கமா நடக்கிற ரீம்ஸ் எதிரி கையில இருந்துச்சு, அதனால புனித எண்ணெயைக்கூட வேற மடத்துலேர்ந்து கொண்டு வந்தாங்க. மார்ச் 22-ஆம் தேதி விடியற்காலையில பாரிஸ் ஆளுநரே கதவைத் திறந்து விட்டார். அன்னைக்கே ஸ்பெயின் படை மரியாதையா வெளியேறுச்சு.

பத்து நாள் அனுமதி

ரோம் மட்டும் அசையல. 1593 நவம்பர்ல ஹென்றியோட தூதரா நெவேர் கோமகன் ரோமுக்கு வந்தார். கோன்சாகா குடும்பத்து இத்தாலியர், சுத்தமான கத்தோலிக்கர். கிளெமென்ட் என்ன செஞ்சார் தெரியுமா? தூதராப் பார்க்க மாட்டேன், தனி மனுஷனா வேணா வாங்க, பத்து நாள் தங்கலாம்னார். கூட வந்த ஆயர்கள், அதாவது செயின்ட் டெனிஸ் சடங்குல பங்கெடுத்தவங்க, முதல்ல மத விசாரணை மன்றத் தலைவர் முன்னாடி போய் நிக்கணும்னார். நெவேர் ஒத்துக்கல. ஜனவரியில வெறுங்கையோட, கோபத்தோட திரும்பிப் போனார்.

வெளியே இப்படி. உள்ளே வேற. நம்பிக்கையான ஆட்கள் மூலமா, கதவு முழுசா மூடலன்னு பிரான்ஸுக்குச் சேதி போய்க்கிட்டே இருந்துச்சு. கிளெமென்ட்டோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஆமான்னு உடனே சொன்னா, ஸ்பெயின் பகை. நாலு வருஷமா ஹென்றியை எதிர்த்துச் செத்த பாரிஸ் கத்தோலிக்கர்களுக்கு என்ன பதில்? அதோட, ஆயர்கள் கொடுத்த மன்னிப்பு செல்லும்னு ஆகிடும். அப்புறம் போப் எதுக்கு? முடியாதுன்னு ஒரேயடியா சொன்னா, பிரான்ஸ் இங்கிலாந்து வழியில போய், ரோம் இல்லாமலே ஒரு தேசியத் திருச்சபை வச்சுக்கலாம். அதைப் பத்தி பிரான்ஸ்ல வெளிப்படையாவே பேசிக்கிட்டு இருந்தாங்க.

1594 டிசம்பர் 27-ஆம் தேதி ஒரு அதிர்ச்சி. ஜான் ஷதெல்ங்கற 19 வயசுப் பையன் ஹென்றியைக் கத்தியால குத்தினான். உதடு கிழிஞ்சு ஒரு பல் உடைஞ்சுது. அவன் இயேசு சபைப் பள்ளியில படிச்சவன். பாரிஸ் நீதிமன்றம் இயேசு சபையையே வெளியேத்திடுச்சு. போப்போட மன்னிப்பு இல்லாதவரைக்கும், இந்த ராஜாவைக் கொல்றது புண்ணியம்னு நினைக்கிற ஆட்கள் இருந்துக்கிட்டேதான் இருப்பாங்க. அந்தக் கையெழுத்து ஹென்றிக்கு ஏன் உயிர்ப் பிரச்சனைங்கறது இப்போ புரியும்.

ஒரு வார்த்தைக்காக

1595 ஜூலையில து பெரோன் ரோமுக்கு வந்தார். தோசா ஏற்கெனவே பல வருஷமா அங்கயே இருந்தவர். ஏழைக் குடும்பத்துல பிறந்து, படிச்சே மேல வந்த குரு. து பெரோன் புராட்டஸ்டன்ட் குடும்பத்துல பிறந்து கத்தோலிக்கரா மாறினவர். மனம் மாறின ராஜாவுக்காகப் பேச, மனம் மாறின ஆள்.

பேச்சுவார்த்தை எங்க முட்டுச்சுன்னா, ஒரு வார்த்தையில. ரோம் தரப்பு ஹென்றிக்கு 'மறு உரிமை' கொடுக்கணும்னு கேட்டது. அதாவது, சிக்ஸ்டஸ் 1585-ல பறிச்ச கிரீட உரிமையை கிளெமென்ட் திருப்பிக் கொடுக்கற மாதிரி வாசகம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா திருப்பிக் கொடுக்கறதை ஏத்துக்கிட்டா, பறிச்சதும் செல்லும்னு ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு எந்த போப்பும் எந்த பிரெஞ்சு ராஜாவையும் இறக்கலாம். ரெண்டு குருக்களும் முடியவே முடியாதுன்னுட்டாங்க. எங்க ராஜா ரத்த உறவால ராஜா. உங்ககிட்ட கேட்கறது அவர் ஆன்மாவுக்கு மன்னிப்பு, கிரீடம் இல்ல. இதுதான் அவங்க நிலை.

அவங்களுக்கு ரோம்ல எதிர்பாராத ஆதரவும் இருந்துச்சு. ஸ்பெயின்ல பிறந்து, இயேசு சபையிலிருந்து முதல் கர்தினாலா ஆன ஃபிரான்சிஸ்கோ த தொலேதோ, தன் சொந்த ராஜாவோட விருப்பத்துக்கு எதிரா ஹென்றிக்காக வாதாடினார். ஆகஸ்ட்ல கிளெமென்ட் வெறுங்காலோட ஊர்வலம் போய் ஜெபம் பண்ணினார். அப்புறம் கர்தினால்களை ஒண்ணாக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்தாம, ஒவ்வொருத்தரையா தனியாக் கூப்பிட்டுக் கருத்து கேட்டார். ஸ்பெயின் தூதர் பார்க்க, எல்லார் முன்னாடியும் சொல்லத் துணியாததைத் தனியறையில சொல்லலாம் இல்லையா? பெரும்பான்மை மன்னிக்கலாம்னு சொன்னாங்க.

முடிவு இப்படி வந்துச்சு. செயின்ட் டெனிஸ்ல ஆயர்கள் கொடுத்த மன்னிப்பு செல்லாது. ஆனா அதை நம்பி இதுவரைக்கும் ராஜா கத்தோலிக்கரா செஞ்சதெல்லாம் செல்லும். இப்போ போப் புதுசா மன்னிப்பு கொடுக்கறார். 'மறு உரிமை' பத்திப் பேச்சே இல்ல. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: வாரிசா இருந்த சின்னப் பையன் காந்தே இளவரசனைக் கத்தோலிக்கனா வளர்க்கணும், பெயார்ன் பகுதியில பூசை மறுபடி நடக்கணும், திரெந்து பொதுச்சங்கத்தோட சட்டங்களை பிரான்ஸ்ல அறிவிக்கணும், நாட்டோட அமைதிக்குப் பங்கம் வராத அளவுக்கு.

மன்னிக்கிற அதிகாரம் போப்புக்கு. ராஜா யாருங்கற கேள்வி பிரான்ஸுக்கு. பத்து வருஷமா ஒண்ணாச் சுருண்டு கிடந்த ரெண்டு முடிச்சைத் தனித்தனியாப் பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் ஊருக்குப் போய் ஜெயிச்சோம்னு சொல்லிக்கலாம். அதுக்கு விலை, அந்த ரெண்டு குருக்கள் தோள்ல விழுந்த தட்டு. ராஜாவையே அடி வாங்க வச்சுட்டாங்கன்னு ஹ்யூகெனாட்கள் கிண்டல் பண்ணினாங்க. தோசா தன் கடிதத்துல, துணி மேல ஒரு ஈ நடந்து போன அளவுக்குக்கூட உறைக்கலன்னு எழுதினார்.

அதுக்கப்புறம்

சில மாசத்துல லீக்கோட தலைவர் மாயென் கோமகன் சரணடைஞ்சார். போப்பே மன்னிச்ச ராஜாவை எதிர்க்க அவருக்கு மதக் காரணமே இல்லாமப் போச்சு. 1598 மே மாசம், போப்போட தூதர் கர்தினால் அலெஸாந்த்ரோ தெ மெதிசி நடுவுல நின்னு, வெர்வான்ல பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் சமாதானம் செஞ்சு வச்சார். 1599-ல ஹென்றியோட குழந்தையில்லாத முதல் கல்யாணத்தை ரோம் ரத்து பண்ணுச்சு. மறுவருஷம் மறுமணம், 1601-ல ஆண் குழந்தை. வாரிசுச் சண்டை அத்தோட முடிஞ்சுது.

ஹென்றி எல்லா வாக்கையும் காப்பாத்தினாரா? காந்தே கத்தோலிக்கனா வளர்ந்தான். இயேசு சபை 1603-ல திரும்பி வந்துச்சு. திரெந்து சட்டங்களை எந்த பிரெஞ்சு ராஜாவும் கடைசி வரைக்கும் அதிகாரபூர்வமா அறிவிக்கல. 1598 ஏப்ரல்ல அவர் போட்ட நாந்த் ஆணை, ஹ்யூகெனாட்களுக்கு வழிபாட்டு உரிமையும் பாதுகாப்பும் கொடுத்துச்சு. கிளெமென்ட்டுக்கு அது பெரிய வேதனை. ஆனாலும் மன்னிப்பை வாபஸ் வாங்கல.

1610 மே 14-ஆம் தேதி பாரிஸ் தெருவுல, ராவையாக்ங்கற ஆள் ஹென்றியைக் குத்திக் கொன்னான். ராஜா போப்புக்கு எதிராப் போர் தொடுக்கப் போறார்னு அவன் நம்பினான். அந்தக் கையெழுத்து பதினஞ்சு வருஷம் ஒரு நாட்டை நிறுத்தி வச்சுது. ஒரே ஒரு ஆள் மனசுக்குள்ள மட்டும் போய்ச் சேரல.

இந்தக் கதையைப் படிச்சப்போ கிளெமென்ட்டோட பொறுமையை நான் ரொம்ப ரசிச்சேன். ஓவரா ரசிக்கிறோமோன்னு அப்புறம் தோணுச்சு. அவர் தாமதிச்சதுல பேரம் பேச நேரம் கிடைச்சது, உண்மைதான். அவருக்கு முன்னாடி சிக்ஸ்டஸ் தாமதிச்சப்போ பாரிஸ்ல ஜனங்க எலும்பு மாவு தின்னாங்க. ரெண்டுமே 'பொறுத்திருந்து பார்ப்போம்'தான். 1590-ல ரோம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முற்றுகை நின்னிருக்கும்னு நான் சொல்ல வரல. லீக் கேட்டிருக்குமாங்கறதே சந்தேகம். ஆனா ராஜதந்திர வரலாறு எழுதறப்போ கோல் பிடிச்சவர் கதையும் தட்டு வாங்கினவர் கதையும் கிடைக்கும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வரிசையில நின்னவங்க கதைக்கு, லெத்வால் மாதிரி யாராவது வீட்டுல உட்கார்ந்து குறிச்சு வச்சாத்தான் உண்டு.

என் மார்க் ஷீட் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அதே ஒரு வரிதான், அதே விஷயம்தான். வேற ஒருத்தர் கையெழுத்தோட, ஏழு மாசம் கழிச்சுக் கிடைச்சுது. யாரும் பிரம்பால தட்டல.

அடுத்த எபிசோடுல போலந்துக்குப் போவோம்: ஒரே சிம்மாசனத்துக்கு ரெண்டு ராஜாக்களைத் தேர்ந்தெடுத்த கதை. அதுவரைக்கும் பத்திரமா இருங்க.